முழுசா இறங்கட்டும் என்று சொன்ன வாத்தியார்

கொஞ்சம் நீளமான பதிவு, பொறுமையாகப் படியுங்கள்.

ஆடிப் பதினெட்டுக்கு வல்வில் ஓரி விழா பார்க்கச் செம்மேடு போயிருந்தேன். கூட்டத்தில் ஒரு பழைய மாணவி இடுப்பில் குழந்தையோடு வந்து வணக்கம் சொன்னார். ஐந்தாம் வகுப்பு வரை என்னிடம் படித்தவர். பேச்சு எப்படியோ அரசு கொடுத்த லேப்டாப் பக்கம் போனது. "ரெண்டே வருஷத்துல சார்ஜ் நிக்காம போயிருச்சுங்க சார். நீங்க சொன்ன மாதிரியே சுத்தமா இறங்கி அணைஞ்ச பிறகுதான் சார்ஜ் போடுவேன்" என்று சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

ஆமாம், நான்தான் அப்படிச் சொன்னேன். அவருக்கு மட்டுமல்ல, கேட்டவர்களுக்கெல்லாம் சொன்னேன்.

2011 செப்டம்பர் 15, அண்ணா பிறந்தநாள் அன்று அந்தத் திட்டத்தை முதல்வர் ஜெயலலிதா திருவள்ளூர் மாவட்டத்தில் தொடங்கிவைத்தார். எல்காட் நிறுவனம் வாங்கிக் கொடுத்தது. எழுபது கொண்டை ஊசி வளைவு ஏறி நம் கொல்லிமலைக்கும் லேப்டாப் வந்தது. பல வீடுகளில் அதுதான் முதல் கணினி. கூடவே 2012இன் மின்வெட்டும் வந்தது. சென்னையைத் தவிர்த்துப் பல ஊர்களில் ஒரு நாளில் பத்து மணி நேரத்துக்கு மேல் கரண்ட் கிடையாது. பிள்ளைகள் கரண்ட் வந்த அரைமணியில் அவசரமாக ஒயரைச் சொருகுவார்கள். பாதி ஏறும், மறுபடி போய்விடும். "இப்படி அரைகுறையா போட்டா பேட்டரி கெட்டுப்போகும்" என்று திட்டினேன். அந்தக் காலத்தில் நான் சொன்னால் அப்பன் ஆத்தாளும் மறுபேச்சு பேசமாட்டார்கள்.

இந்த விதி எனக்கு எங்கிருந்து வந்தது என்று ஒரு வாரமாக யோசித்தேன், படித்தேன்.

எங்கள் சிறு வயதில் பேட்டரி என்றால் ரேடியோக் கட்டை. தீர்ந்துபோனால் வெயிலில் காயவைப்போம். சூட்டில் உள்ளே இருக்கும் ரசாயனம் கொஞ்சம் உசுப்பப்பட்டு இன்னும் இரண்டு பாட்டு பாடும். பிறகு வந்தது ஈயமும் அமிலமும் உள்ள பெரிய பேட்டரி. பிளான்டே என்ற பிரெஞ்சுக்காரர் 1859இல் செய்தது. டிராக்டரிலும் இன்வெர்ட்டரிலும் இன்றும் அதுதான். அதைக் காலியாக விட்டுவைத்தால் ஈயத் தகட்டில் உப்புப் படிந்து கெட்டுவிடும். எப்போதும் நிரம்பியே இருக்கவேண்டும்.

மூன்றாவது, நிக்கல் காட்மியம். 1899இல் ஸ்வீடனின் யுங்னர் கண்டுபிடித்தது. ஒயரில்லாத போன், பழைய வீடியோ கேமரா, ஆரம்ப கால லேப்டாப் எல்லாம் இதில்தான் ஓடின. தினமும் ஒரே அளவு கொஞ்சம் மட்டும் செலவழித்து ஏற்றினால் அந்த அளவோடு நின்றுவிடும் பழக்கம் இதற்கு வரும். 'மெமரி எஃபெக்ட்' என்றார்கள். செயற்கைக்கோள்களில் கவனித்த விஷயம். அதனால்தான் "முழுசா இறக்கி ஏற்று" என்ற விதி. நான் என் பிள்ளைகளுக்குச் சொன்னது இந்த விதியைத்தான்.

ஆனால் பிள்ளைகளுக்குக் கிடைத்தது லித்தியம் அயான். அது வேறு சாதி. 1970களில் விட்டிங்காம் தொடங்கினார், 1980இல் ஆக்ஸ்போர்டில் குட்இனஃப் கோபால்ட் ஆக்சைடைச் சேர்த்தார், 1985இல் ஜப்பானில் யோஷினோ பாதுகாப்பான வடிவம் கொடுத்தார், 1991இல் சோனி கடைக்குக் கொண்டுவந்தது. 2019இல் மூவருக்கும் நோபல் பரிசு. அப்போது குட்இனஃபுக்கு வயது 97! ஓய்வுபெற்றதும் உட்கார்ந்துவிட்ட என் போன்றவர்கள் கவனிக்கவேண்டும்.

இந்த பேட்டரிக்கு அந்த ஞாபகப் பழக்கமே கிடையாது. அதற்கு ஆகாதவை மூன்று: சூடு, எப்போதும் நூறிலேயே நிற்பது, அடியோடு காலியாவது. ஒரு செல் நிரம்பும்போது ஏறத்தாழ 4.2 வோல்ட். அந்த உச்சத்தில் சூட்டோடு நீண்ட நாள் இருந்தால் உள்ளிருக்கும் திரவம் சிதையும். மிகவும் கீழே போனால் செப்புத் தகடு கரையத் தொடங்கும். அதனால் உள்ளே இருக்கும் காவல் சுற்று 'இனி ஏற்றாதே' என்று பூட்டிவிடும். பரீட்சைக்கு முன் "படிக்கமாட்டேங்குது" என்று லேப்டாப்பைக் காலியாகவே டிரங்குப் பெட்டியில் பூட்டினார்களே, ஜூனில் திறந்தபோது சார்ஜே ஏறவில்லையே, அதன் ரகசியம் இதுதான். சும்மா இருந்தாலும் சார்ஜ் மெல்லக் கசிந்துகொண்டே இருக்கும்.

ஆக, மின்வெட்டில் அரைகுறையாகப் போட்ட பிள்ளைகள் செய்ததுதான் சரி. திட்டிய நான்தான் தப்பு. போதாக்குறைக்கு நம் மலைக் குளிரும் அந்த பேட்டரிக்கு நல்லது. கரூரிலும் திருச்சியிலும் இருப்பவர்களுக்கு அந்தக் கொடுப்பினை இல்லை.

இப்போது லேப்டாப் வைத்திருப்பவர்கள் இருபதுக்குக் கீழே போகும் முன் போடுங்கள். எந்நேரமும் ஒயரிலேயே வைத்து வேலை செய்பவர்கள் எண்பதில் நிறுத்தும் வசதி இருக்கிறதா என்று செட்டிங்கில் பாருங்கள், பல கம்பெனிகள் கொடுக்கின்றன. மெத்தை மேல் வைக்காதீர்கள், காற்றுத் துளை அடைபடும். மாதக்கணக்கில் எடுத்துவைப்பதானால் பாதி சார்ஜோடு வையுங்கள். எப்போதாவது ஒருமுறை முழுக்க இறக்குவது சதவீதக் கணக்கைச் சரிசெய்ய உதவும், பேட்டரிக்கு அதனால் ஆயுள் கூடாது.

செம்மேட்டில் பார்த்த அம்மா, இது உன் கண்ணில் படும் என்று நினைக்கிறேன். தப்பு என்னுடையது. அந்தப் பழைய பேட்டரி பரணில் கிடந்தால், உப்பியிருக்கிறதா என்று பார். உப்பியிருந்தால் குத்தவோ அடுப்பில் போடவோ வேண்டாம், குழந்தை கையில் கொடுக்காதே. அடுத்த முறை நாமக்கல் வரும்போது எடுத்து வா, பழைய மின்பொருள் வாங்கும் இடத்தில் சேர்த்துவிடலாம்.