பி.பி மெஷினைப் பார்த்தாலே பதற்றமா? வீட்டில் ரத்த அழுத்தம் பார்ப்பது எப்படி? முழு விவரம்!

நைட் ஷிப்ட் முடிந்து கம்பெனி பஸ்சில் இருந்து இறங்கி ரூமுக்கு வந்ததும், முதல் வேலையாக பி.பி மெஷினை எடுத்து கையில் கட்டுகிறார் ஒரு தொழிலாளி. 148 காட்டுகிறது. 'என்னடா இது' என்று மறுபடி பட்டனை அமுக்கினால் 156. மூன்றாவது முறை 163. பத்தே நிமிடத்தில் நோய் முற்றிவிட்டதா? இல்லை. அதற்குள் ஏறியது பெரும்பாலும் பயம்தான்.

வல்லம் வடகால் போன்ற இடத்தில் இது சாதாரணமாக நடக்கக்கூடியது. ஸ்ரீபெரும்புதூர் - ஒரகடம் பகுதியின் இந்த சிப்காட் பூங்காவில், பெண் தொழிலாளர்களுக்காக 18,720 படுக்கைகள் கொண்ட விடுதி 2024 ஆகஸ்டில் திறக்கப்பட்டது. வீட்டை விட்டு வந்து, ஷிப்ட் மாறி மாறி வேலை பார்க்கும் இளம் வயதினர்தான் இந்தப் பகுதியில் அதிகம். 2021 ஆகஸ்ட் 5-ல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தின் பரிசோதனை தொழிற்சாலைகளுக்குள்ளும் வந்திருக்கிறது. நல்ல விஷயம்தான். ஆனால் முகாமில் 'பி.பி கொஞ்சம் அதிகமா இருக்கு' என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், சிலருக்கு அன்றிலிருந்து தூக்கம் போய்விடும்.

பயந்தால் ஏன் ஏறுகிறது?

பதற்றத்தில் அட்ரினலின் சுரக்கிறது. இதயம் வேகமாகத் துடிக்கும், ரத்தக் குழாய்கள் சுருங்கும், அழுத்தம் கூடும். கையை அசைத்துவிட்டால் சில மெஷின்கள் பட்டையை இன்னும் இறுக்கமாக ஊதும். அந்த இறுக்கமே அடுத்த பயத்தைக் கிளப்பும்!

இது புதுக் கண்டுபிடிப்பு இல்லை. கையில் பட்டை கட்டி அளக்கும் கருவியை 1896-ல் உருவாக்கிய இத்தாலிய மருத்துவர் ரிவா-ரோச்சியே, மனநிலை அளவை மாற்றும் என்று குறிப்பிட்டிருக்கிறார். டாக்டரைப் பார்த்ததும் ஏறும் பி.பி-க்கு 'ஒயிட் கோட்' என்றே பெயர் உண்டு. வீட்டில் அளக்கச் சொல்வதே அந்தப் பயத்தைத் தவிர்க்கத்தான். மெஷினே வெள்ளைக் கோட் ஆகிவிட்டால் என்ன செய்வது?

எப்படி உட்கார வேண்டும்?

டீ, காபி, சிகரெட், வேகமான நடை எல்லாம் முடிந்து அரை மணி நேரமாவது ஆகியிருக்க வேண்டும். சிறுநீரை அடக்கிக்கொண்டு அளக்கக் கூடாது. முதுகு சாய்ந்து, பாதம் தரையில் பட, கால் மேல் கால் போடாமல் ஐந்து நிமிடம் சும்மா உட்காருங்கள். கட்டில் விளிம்பில் உட்கார்ந்தால் முதுகுக்குப் பிடிப்பு இருக்காது. சுவரை ஒட்டி ஒரு நாற்காலி போதும். போனை ஓரம் வையுங்கள். ரூம்மேட்டிடம் பேச்சு வேண்டாம். பேசினாலே அளவு ஏறும்.

கை மேஜை மேல், நெஞ்சு உயரத்தில் இருக்கட்டும். 2024-ல் வெளியான ஜான்ஸ் ஹாப்கின்ஸ் ஆய்வில், கையை மடியில் வைத்தபோது மேல் அளவு சுமார் 4 புள்ளியும், பக்கத்தில் தொங்கவிட்டபோது 6.5 புள்ளியும் அதிகமாகக் காட்டியது. பட்டை சின்னதாக இருந்தாலும் இதே கதைதான். மணிக்கட்டில் கட்டும் மெஷினை விட மேற்கையில் கட்டுவது நம்பகமானது.

எத்தனை முறை பார்க்கலாம்?

காலையில் இரண்டு, மாலையில் இரண்டு; நடுவில் ஒரு நிமிட இடைவெளி. ஏழு நாள் எழுதி, முதல் நாளை விட்டுவிட்டு சராசரி எடுக்க வேண்டும். அது 135/85-க்குக் கீழே இருந்தால் பொதுவாகப் பயமில்லை. அதைத் தொட்டாலோ தாண்டினாலோ டாக்டரைப் பார்க்க வேண்டும்.

நைட் ஷிப்ட்காரர்களுக்கு 'காலை' என்பது தூங்கி எழுந்த நேரம். எந்த ஷிப்ட், எத்தனை மணி நேரம் தூங்கினோம் என்பதையும் பக்கத்தில் குறித்துக்கொள்ளுங்கள். டாக்டருக்கு அது ரொம்ப உதவும்.

எண்ணைப் பார்த்தாலே நடுங்குகிறவர்கள் திரையை அந்தப் பக்கம் திருப்பி வைக்கலாம். மெமரி உள்ள மெஷின் என்றால் வார முடிவில் மொத்தமாகப் பார்த்தால் போதும். 'இன்னும் ஒரு தடவை' என்று கை போனால் மெஷினை அலமாரியில் வைத்துவிடுங்கள். அப்படியும் முடியவில்லை என்றால், வீட்டில் பார்ப்பதை நிறுத்தலாமா என்று டாக்டரிடமே கேளுங்கள்.

பதற்றம்தானே என்று விட்டுவிடலாமா?

கூடாது. ஒயிட் கோட் வகையினரில் சிலருக்குப் பின்னாளில் நிஜமாகவே பி.பி வருகிறது. நேர்மாறாக, ஆஸ்பத்திரியில் நார்மல் காட்டி, வேலை நேரத்தில் ஏறுகிறவர்களும் உண்டு. மாத்திரை எடுப்பவர்கள் 'டென்ஷன்தான்' என்று தாங்களாகவே நிறுத்துவது ஆபத்து. சில வலி மாத்திரை, கருத்தடை மாத்திரைகளும் பி.பி-யை ஏற்றும் என்பதால் அதையும் டாக்டரிடம் சொல்லுங்கள்.

180/120-ஐத் தாண்டினால் ஐந்து நிமிடம் அமைதியாக இருந்து மறுபடி பாருங்கள். குறையவில்லை என்றால் அன்றே டாக்டரிடம் போக வேண்டும். நெஞ்சு வலி, மூச்சுத் திணறல், ஒரு பக்கம் பலவீனம், பேச்சுக் குழறல், பார்வை மங்கல் இருந்தால் எண்ணைப் பற்றிக் கவலைப்படாமல் 108-ஐ அழையுங்கள். கர்ப்பிணிகளுக்கு 140/90 வந்தாலே டாக்டரிடம் சொல்ல வேண்டும், 160/110 என்றால் அவசரம். பதற்றம் மட்டுமே தொல்லையாக இருந்தால் 14416 என்ற டெலி-மானஸ் எண்ணில் 24 மணி நேரமும் தமிழிலேயே இலவசமாகப் பேசலாம்.