ஒரே அச்சில் வார்த்த படை

சொன்டாரன்கள் என்பது பி.பி.சி.யின் 'டாக்டர் ஹூ' தொலைக்காட்சித் தொடரில் வரும் கற்பனைப் போர் இனம். குட்டையான, தடித்த உடல். கழுத்தே இல்லாததுபோல் தோள்மேல் அமர்ந்த பெரிய தலை. அந்தத் தலையின் அளவுக்கே கவிழ்த்த சட்டிபோல் ஒரு கவசம். இந்த இனத்தில் ஆண், பெண் என்ற பிரிவு கிடையாது. தாய், தந்தை, குடும்பம் என்ற சொற்களுக்கும் அங்கே வேலையில்லை. ஒவ்வொரு வீரனும் குளோனிங் முறையில் உருவாகி, பொரிந்து வெளியே வந்த அன்றே ராணுவத்துக்குச் சொந்தமாகிறான். 1973-ல் இரண்டொரு வசனங்களில் தொடங்கிய இந்த இனப்பெருக்கக் கதை, அடுத்த அரை நூற்றாண்டில் பல எழுத்தாளர்கள் கைப்பட்டு விரிந்தது.

ராணுவ அறிக்கையாக வந்த கதை

இவர்களைப் படைத்தவர் ராபர்ட் ஹோம்ஸ். இரண்டாம் உலகப் போரில் பர்மா களத்தில் பணியாற்றிய இவர், பிறகு லண்டனில் காவலராகவும் பத்திரிகையாளராகவும் இருந்து தொலைக்காட்சி எழுத்துக்கு வந்தார். சொன்டாரன்கள் தோன்றும் முதல் கதையின் சுருக்கத்தை அவர் வழக்கமான வடிவில் எழுதித் தரவில்லை. 'ஹோல் மெஸ்' என்ற படை அதிகாரி 'டெர்ரன் செடிக்ஸ்' என்பவருக்கு அனுப்பிய ராணுவ அறிக்கையாக எழுதினார். முதல் பெயர் ஹோம்ஸைக் குறித்தது; இரண்டாவது, தொடரின் கதைப் பொறுப்பாசிரியர் டெரன்ஸ் டிக்ஸின் பெயரை மாற்றி உடைத்தது. ராணுவ மொழியிலேயே இந்த இனம் பிறந்தது என்று சொல்லலாம்.

'தி டைம் வாரியர்' என்ற அந்தக் கதை 1973 டிசம்பர் 15 முதல் 1974 ஜனவரி 5 வரை நான்கு பகுதிகளாக ஒளிபரப்பானது. லிங்க்ஸ் என்ற சொன்டாரன் அதிகாரியின் விண்கலம் இடைக்கால இங்கிலாந்தில் விழுகிறது. கலத்தைப் பழுதுபார்க்க இருபதாம் நூற்றாண்டிலிருந்து விஞ்ஞானிகளைக் கடத்தி வருகிறான். இடம் கொடுத்த கொள்ளைத் தலைவனுக்குத் துப்பாக்கி செய்து தருகிறான். பத்திரிகையாளரான சாரா ஜேன் ஸ்மித்தை முதன்முதலாகப் பார்க்கும்போது, இரண்டு பாலாக இருந்து இனம் பெருக்குவது திறமையற்ற ஏற்பாடு, மாற்றிக்கொள்வது நல்லது என்று மனித இனத்துக்கே யோசனை சொல்கிறான். தன் நாட்டு ராணுவக் கல்லூரியில் ஒவ்வோர் அணிவகுப்பின்போதும் பத்து லட்சம் பயிற்சி வீரர்கள் பொரிந்து வருவதாகவும் பெருமைப்படுகிறான்.

முழு இனமும் இந்தச் சில வசனங்களில் அடங்கிவிட்டது. பிறப்பு, கல்லூரி, அணிவகுப்பு மூன்றும் அவர்களுக்கு ஒரே நிகழ்ச்சி. ருட்டன் என்ற எதிரி இனத்தோடு அவர்கள் நடத்தும் முடிவில்லாப் போருக்கும் இதுவே அடிப்படை. இறந்தவனுக்காக அழ வீட்டில் ஆளில்லை. அவன் இடத்தை நிரப்ப அடுத்த அணிவகுப்பு போதும். 2008-ல் வந்த ஒரு கதையில் அந்தப் போரின் வயது 50,000 ஆண்டுகள் என்று சொல்லப்பட்டது.

அக்கால உயிரியல்

ஹோம்ஸ் எழுதிய காலத்தில் குளோனிங் ஆய்வகத்தில் பழகிய விஷயமாகிவிட்டிருந்தது. கிரேக்க மொழியில் சிறு கிளையைக் குறிக்கும் சொல்லிலிருந்து 1903-ல் அமெரிக்கத் தாவரவியலர் ஹெர்பர்ட் வெபர் இந்தப் பெயரை எடுத்தார். விதையில்லாமல், தாய்ச் செடியின் ஒரு துண்டிலிருந்து வளரும் செடிகளின் கூட்டத்துக்கு அவர் வைத்த பெயர் அது. வாழைக் கட்டையில் முளைக்கும் பக்கக்கன்றைப் பெயர்த்து நடும் விவசாயி செய்வதும் அதே வேலைதான்.

விலங்குகளில் இதற்கு வழி திறந்தது 1952-ல். ராபர்ட் பிரிக்ஸும் தாமஸ் கிங்கும் தவளை முட்டையின் உட்கருவை அகற்றி, வேறொரு கருவின் செல்லிலிருந்து எடுத்த உட்கருவை அங்கே வைத்துத் தலைப்பிரட்டைகளை வளர்த்தார்கள். பிறகு ஆக்ஸ்ஃபோர்டில் ஜான் கர்டன், தலைப்பிரட்டையின் குடல் செல்லிலிருந்தே தவளையை உருவாக்க முடியும் என்று காட்டினார். முதிர்ந்த செல்லின் உட்கருவிலும் முழு உடலுக்கான செய்தி இருக்கிறது என்பது அதனால் உறுதிப்பட்டது. 2012-ல் கர்டனுக்கு நோபல் பரிசு கிடைத்தது.

இந்தச் சொல்லை மனிதருக்கும் நீட்டியவர்களில் முக்கியமானவர், இந்தியாவில் குடியேறிப் புவனேசுவரத்தில் மறைந்த மரபியலாளர் ஜே. பி. எஸ். ஹால்டேன். சிறந்த ஆற்றலுள்ள மனிதர்களைக் குளோனிங்கில் மீண்டும் உருவாக்கலாம் என்று 1963-ல் அச்சான உரையில் அவர் பேசினார். இலக்கியத்தில் ஆல்டஸ் ஹக்ஸ்லி இன்னும் முந்திக்கொண்டார். 1932-ல் வந்த 'பிரேவ் நியூ வேர்ல்டு' நாவலில், மனிதர்களை உற்பத்தி செய்யும் ஆலையில் ஒரே கருமுட்டை 96 கருக்கள் வரை பிளந்து, ஒரே சாயலில் தொழிலாளர்கள் பிறக்கிறார்கள். ஹோம்ஸ் அந்த ஆலையைப் படை முகாமாக்கினார்.

பிடரித் துளை

குளோனிங்கில் உருவான உடலுக்குக் கதை ஒரு விலையும் வைத்தது. சொன்டாரனின் பிடரியில் ஒரு துளை உண்டு. வாயால் உண்பதற்குப் பதிலாக அதன் வழியாகவே அவன் ஆற்றலை ஏற்றிக்கொள்கிறான். கருவறையும் தொப்புள்கொடியும் இல்லாத இனத்துக்கு இதுவே தொப்புள். வளர்ந்த பிறகும் அது மூடுவதில்லை.

அவன் உடம்பில் எளிதில் அடிபடும் இடமும் அதுதான். லிங்க்ஸின் முடிவு ஹால் என்ற வில்லாளி பிடரியில் எய்த ஒரே அம்பில் வருகிறது. அதே 2008 கதையில் தொடரின் நாயகரான டாக்டர் ஒரு ஸ்குவாஷ் பந்தை அடித்துத் தெறிக்கவிட்டு ஒரு தளபதியின் பிடரியில் படவைக்கிறார்; டோனா என்ற பெண் மரச்சுத்தியலால் ஒரு வீரனைச் சாய்க்கிறாள். சொன்டாரன்கள் இதைக் குறையாக ஒப்புக்கொள்வதில்லை. எதிரிக்கு எப்போதும் முகம் காட்டியே நிற்க வேண்டும், புறமுதுகு காட்டக் கூடாது என்பதற்காகவே துளை பின்னால் இருக்கிறது என்பது அவர்கள் வாதம்.

முகம் ஒன்று, விரல் வேறு

'ஒரே அச்சு' என்பது 1975-ல் வந்த 'தி சொன்டாரன் எக்ஸ்பெரிமென்ட்' கதையில் நேரடியாகச் சோதிக்கப்பட்டது. கைவிடப்பட்ட எதிர்காலப் பூமியில் ஸ்டைர் என்ற அதிகாரி மனிதர்களைச் சித்திரவதை செய்து ஆராய்கிறான். அவன் முகத்தைப் பார்த்ததும் சாரா 'லிங்க்ஸ்' என்று அலறுகிறாள். உருவம் ஒன்றுதான், ஆள் வேறு என்று ஸ்டைர் திருத்துகிறான். குளோன்களைப் பற்றிய விளக்கத்துக்கு இதைவிடச் சுருக்கமான காட்சி அந்தத் தொடரில் இல்லை.

லிங்க்ஸ், ஸ்டைர், ஸ்டைரின் மேலதிகாரி மூன்று பேராகவும் நடித்தவர் கெவின் லிண்ட்சே. குளோன் இனத்துக்கு ஒரே நடிகர் போதும் என்பது செலவுக் கணக்குக்கும் ஒத்துவந்தது. ஆனால் முதல் கதையின் கனத்த முகமூடி, இதயநோய் இருந்த அவருக்கு மூச்சுத் திணறலைத் தந்ததால், இரண்டாவது கதைக்கு இலேசான முகமூடி செய்தார்கள். கையும் மாறியது: லிங்க்ஸுக்குக் கட்டைவிரலோடு மூன்று விரல், ஸ்டைருக்கு ஐந்து. உருவம் ஒன்றேதான் என்று வசனம் சொல்லும் அதே கதையில், அவன் கை வேறு சொல்லிக்கொண்டிருந்தது. லிண்ட்சே 1975-லேயே காலமானார்.

அதன்பின் வேறுபாடு இன்னும் கூடியது. 1978-ல் 'தி இன்வேஷன் ஆஃப் டைம்' கதையில் ஸ்டோர் என்ற தளபதியாக டெரக் டெட்மன் நடித்தார். முகமூடிக்குள்ளிருந்து வந்தது லண்டன் தெருப் பேச்சு. 1985-ல் ஹோம்ஸே எழுதிய 'தி டூ டாக்டர்ஸ்' கதை ஸ்பெயினின் செவில் நகரில் படமானது. அதில் வந்த ஸ்டைக், வார்ல் இருவரும் குட்டை இனத்துக்குப் பொருந்தாத உயரம். ஒரே அச்சில் வந்த இனம், பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளில் உயரத்திலும் குரலிலும் விரல் எண்ணிக்கையிலும் சிதறிவிட்டது. காரணம் உயிரியலில் இல்லை. கிடைத்த நடிகர்களிலும் ஒப்பனைச் செலவிலும் இருந்தது.

பூமியே பண்ணையாக

2008 ஏப்ரல் 26-லும் மே 3-லும் ஒளிபரப்பான 'தி சொன்டாரன் ஸ்ட்ராடஜம்', 'தி பாய்சன் ஸ்கை' ஆகிய இரட்டைக் கதைகளை எழுதியவர் ஹெலன் ரேனர். டாலி என்ற செம்மறியாடு பிறந்து பன்னிரண்டு ஆண்டுகள் ஆன பின் வந்த கதை இது. அதற்குள் குளோனிங் என்ற சொல் எல்லா வீட்டுக்கும் போய்ச் சேர்ந்துவிட்டது. ஆகவே பொரிப்பு என்ற பழைய சொல்லோடு நிற்காமல், அது நடக்கும் இடத்தையும் கதை காட்டியது.

ஸ்டால் என்ற தளபதியின் படை பூமியைச் சுடுவதில்லை. கோடிக்கணக்கான கார்களில் புகை வெளியேறாமல் தடுக்கும் கருவி என்று சொல்லி ஒன்றைப் பொருத்துகிறார்கள். உரிய நேரத்தில் அந்தக் கருவிகள் எல்லாம் ஒரே சமயத்தில் நச்சுப்புகையைக் கக்குகின்றன. அந்தப் புகை ஆயுதம் அல்ல என்பதை டாக்டர் மெல்லக் கண்டுபிடிக்கிறார். அது குளோன்களுக்கான தீவனம். காற்றை மாற்றினால் பூமி முழுவதும் சொன்டாரன் குஞ்சு பொரிக்கும் பண்ணையாகிவிடும். மனிதர்கள் மூச்சுமுட்டிச் சாவது அதன் பக்கவிளைவு. நாற்று விடும் முன் நிலத்தில் உள்ள களையை எடுப்பதுபோல, ஓர் இனத்தைத் துடைத்துவிட்டு இன்னோர் இனத்தை விதைக்கும் திட்டம். பல கதைகளில் பேச்சோடு நின்ற இனப்பெருக்கம் இங்கேதான் போரின் நோக்கமாக மாறியது.

அதே கதையில் ஒரு மனிதக் குளோனும் உண்டு. டாக்டரின் பழைய தோழி மார்த்தா ஜோன்ஸைப் பிடித்துக் கட்டிவைத்து, பச்சைத் திரவம் நிறைந்த தொட்டியிலிருந்து அவளுடைய நகலை எழுப்புகிறார்கள். நகலின் நினைவுகள் மூலத்தின் மூளையிலிருந்து தொடர்ந்து வந்துகொண்டிருக்க வேண்டும்; அந்தத் தொடர்பு அறுந்தால் நகல் செத்துவிடும். டாக்டர் அவளைப் பார்த்த உடனேயே கண்டுகொள்கிறார். கண்பாவை சரியாகச் சுருங்கவில்லை, இடது நெற்றிப்பொட்டில் முடி சற்று அடர்த்தி குறைந்திருக்கிறது, போதாக்குறைக்கு ஒரு நாற்றம். சொன்டாரன்களின் கைத்தொழிலான குளோனிங்கிலும் நகல் மூலம்போல் வரவில்லை.

பால் கொடுக்கும் போர்வீரன்

2011-ல் 'எ குட் மேன் கோஸ் டு வார்' கதையில் டான் ஸ்டார்க்கி ஏற்ற ஸ்டிராக்ஸ் பாத்திரம் இந்த வரலாற்றில் எதிர்பாராத திருப்பம். தன் குலத்துக்குச் சேர்த்த இழுக்குக்குத் தண்டனையாக அவன் மருத்துவத் தாதியாக வேலை செய்கிறான். செவிலிப் பணி எல்லாவற்றுக்கும் ஏற்றபடி தன் மரபணுவை ஒட்டுப்போட்டு மாற்றிக்கொண்டதால், தன்னால் ஏராளமான பால் சுரக்க முடியும் என்று ஒரு குழந்தையின் தாயிடம் விறைப்பாக அறிவிக்கிறான். இரண்டு பால் இருப்பதே வீண் என்று 1973-ல் லிங்க்ஸ் சொன்னான். அதே இனத்தான் 2011-ல் தாய்மையைப் படை உத்தரவாக ஏற்றுக்கொண்டான்.

அந்தக் கதையில் அடிபட்டுக் கிடக்கும்போது ஸ்டிராக்ஸ் தன் வயதையும் சொல்கிறான்: பன்னிரண்டு நெருங்குகிறது, நல்ல வாழ்க்கைதான். குழந்தைப் பருவம் இல்லாத இனத்தின் ஆயுள் கணக்கு அந்த ஒரு வரியில் தெரிகிறது. பிந்தைய கதைகளில் மீண்டும் வரும் அவனுக்கு ஆண் யார், பெண் யார் என்று பிரித்தறியவே தெரியாது; எல்லோரையும் பையன் என்றே அழைக்கிறான். அவன் இனத்தில் அதற்குத் தேவையே இருந்ததில்லை.

2021 நவம்பர் 7-ல் வந்த 'வார் ஆஃப் தி சொன்டாரன்ஸ்' கதை, கிரீமியப் போர்க்களத்தில் பிரிட்டிஷ் படைக்கு எதிரே சொன்டாரன்களைக் குதிரைமேல் ஏற்றியது. அதில் பிடரித் துளை படை முழுவதற்குமான பலவீனமாகிறது. எல்லா வீரர்களும் ஒரே நேரத்தில் கலங்களுக்குத் திரும்பிச் சில நிமிடங்கள் ஆற்றல் ஏற்றிக்கொள்ள வேண்டும். ஒரே அச்சில் வார்த்த உடல்களுக்குப் பசியும் ஒரே நேரத்தில்தான் வருகிறது. அந்த நேரம் பார்த்து டாக்டர் கைவைக்கிறார்.

பிற குளோன் படைகள்

இதே எண்ணம் வேறு இடங்களிலும் உண்டு. 'ஸ்டார் வார்ஸ்' வரிசையில் 2002-ல் வந்த படத்தில், ஜாங்கோ ஃபெட் என்ற கூலிப்படை வீரனை மூலமாக வைத்து, கடல் சூழ்ந்த கமினோ கிரகத்தில் படை வளர்க்கிறார்கள். அந்த வீரர்கள் சாதாரண மனிதரைப்போல் இரு மடங்கு வேகத்தில் வளர்கிறார்கள். சொன்ன சொல் கேட்பதற்காக அவர்கள் மரபணுவிலும் மாற்றம் செய்யப்பட்டிருக்கிறது. 'ஸ்டார் டிரெக்: டீப் ஸ்பேஸ் நைன்' தொடரின் ஜெம்ஹடார் வீரர்கள், சில நாட்களிலேயே முழு வளர்ச்சி பெறுகிறார்கள். ஒரு போதைப்பொருள் இல்லாமல் அவர்களால் வாழ முடியாதபடி படைத்து, அதன்மூலம் எசமானர்கள் அவர்களைக் கட்டுக்குள் வைக்கிறார்கள். இவ்விரு படைகளுக்கும் முதலாளி உண்டு. சொன்டாரன்களுக்கு அப்படி யாரும் இல்லை. தங்களைத் தாங்களே வார்த்துக்கொள்ளும் படை அது.

ஆய்வகத்தின் கணக்கு

உண்மையான குளோனிங் இந்த வேகத்துக்கு ஒத்துவராது. ஸ்காட்லாந்தின் ரோஸ்லின் நிறுவனத்தில் 1996 ஜூலை 5-ல் பிறந்த டாலிக்காக 277 முட்டைகளில் உட்கரு மாற்றப்பட்டது. அவற்றில் 29 மட்டுமே கருக்களாகின, ஈன்றது ஒன்று. அதுவும் ஒரு பெண் ஆட்டின் வயிற்றில் வளர்ந்து, குட்டியாகப் பிறந்து, மற்ற ஆடுகளைப்போலவே வளர வேண்டியிருந்தது. பயிற்சி பெற்ற வீரனின் உடலைப் படியெடுக்கலாம். அவன் பெற்ற பயிற்சியைப் படியெடுக்க மரபணுவில் இடமில்லை.

உருவமும் முழுதாக ஒத்துவருவதில்லை. 2001 டிசம்பரில் டெக்சாஸில் பிறந்த முதல் குளோன் பூனை 'சிசி', மூன்று நிற ரோமம் கொண்ட 'ரெயின்போ'விலிருந்து எடுக்கப்பட்டது. பெண் பூனையில் ரோம நிறம் கருவில் எந்த எக்ஸ் குரோமோசோம் அடங்கிப்போகிறது என்பதைப் பொறுத்தது. ஆகவே சிசியின் நிறம் ரெயின்போவின் நிறமாக இல்லை. ஒரே முட்டை பிளந்து பிறந்த இரட்டையருக்கும் கைரேகை வேறுபடும். ஸ்டைர் சொன்னதும் இதுதான்.

நோய் இன்னொரு கணக்கு. ஒரே மரபணு கொண்ட கூட்டத்தில் ஒன்றைக் கொல்லும் நோய் எல்லாவற்றையும் கொல்லக்கூடும். உலகச் சந்தையை ஆண்ட 'குரோ மிஷேல்' வாழை, கட்டையிலிருந்து கட்டையாகப் பெருகிய வகை. பூஞ்சையால் வரும் பனாமா வாடல் நோய் தோட்டம் தோட்டமாக அதை அழித்ததால், 1960-களில் ஏற்றுமதிச் சந்தை 'கேவண்டிஷ்' வாழைக்கு மாறியது. பத்து லட்சம் பேரை ஒரே அச்சில் பொரிக்கும் படைக்கும் ஆபத்து அதுவே. ருட்டன்கள் 50,000 ஆண்டுகளாகத் தேடும் ஆயுதம் ஒரு பூஞ்சையாகக்கூட இருக்கலாம்.