லாம்பெத்தின் காண்டர்பரி: மதுவிடுதி மேடையான கதை

லண்டனின் வாட்டர்லூ நிலையத்திலிருந்து தென்மேற்கே போகும் ரயில்பாதை, செங்கல் வளைவுகளின் மேல் ஏறிச் செல்கிறது. அந்த வளைவுகளை ஒட்டி, லாம்பெத் பகுதியில் அப்பர் மார்ஷ் என்றொரு தெரு உண்டு. காண்டர்பரி பேராயரின் ஆற்றங்கரை மாளிகை அங்கிருந்து நடை தூரம்தான். அந்தத் தெருவில் 'காண்டர்பரி ஆர்ம்ஸ்' என்ற மதுவிடுதி இருந்தது. 1849இன் இறுதியில் அதை ஏற்று நடத்த வந்த சார்லஸ் மார்ட்டனுக்கு வயது முப்பது. விக்டோரியா காலத்தில் மதுவோடு பாட்டும் வழங்கிய அரங்கான மியூசிக் ஹாலின் வரலாற்றைப் பாடகர்களின் பெயர்களைக்கொண்டு எழுதுவது வழக்கம். எனக்கோ அதை விடுதிக்காரரின் கல்லாவிலிருந்து தொடங்குவதே முறை என்று படுகிறது. மேடைக்குப் படியளந்தது அந்தக் கல்லாதான்.

அக்காலத்து லண்டனில் விடுதிகளில் பாட்டு புதிதன்று. மாலையில் கூடும் ஆண்கள் தமக்குள் ஒருவரைத் தலைவராக அமர்த்தி, மாறி மாறிப் பாடிக் குடிப்பார்கள். கோவென்ட் கார்டனில் இருந்த 'எவன்ஸ்' போன்ற இடங்களில் தொழில்முறைப் பாடகர்களே பாடினர்; அங்கும் கூடியவர்கள் ஆண்களே. மார்ட்டன் தம் விடுதியில் சனிக்கிழமைப் பாட்டுக் கூட்டத்தைத் தொடங்கினார். கூட்டம் பெருகியதும் வியாழக்கிழமையைப் பெண்களும் வரும் நாளாக்கினார். என் பார்வையில், அவர் செய்தவற்றுள் மிகப் பெரியது இதுதான். வாரக் கூலியைத் தனியாக வந்து குடித்துத் தீர்த்த தொழிலாளி, மனைவியின் கையைப் பிடித்துக்கொண்டு அதே வாசலுக்கு வந்தான்.

இடம் போதவில்லை. விடுதியின் பின்புறம், பந்தை உருட்டி மரக்கட்டைகளைச் சாய்த்து விளையாடும் ஸ்கிட்டில்ஸ் களம் ஒன்று இருந்தது. அந்த இடத்தில் மார்ட்டன் கட்டிய கூடம் 1852 மே 17 அன்று திறக்கப்பட்டது. ஏறத்தாழ 700 பேர் அமரலாம். ஆறு பென்ஸ் கொடுத்துச் சீட்டு வாங்கினால், அதை உள்ளே கொடுத்து அந்த விலைக்கு ஏதாவது குடிக்கலாம். அப்படியானால் பாட்டு இலவசம். பாடகரின் சம்பளம் பீரின் லாபத்திலிருந்து வந்தது. முதல் மியூசிக் ஹால் இதுதானா என்று கேட்டால், பால்டன் நகரின் 'ஸ்டார்' விடுதி இதற்கு முன்பே பாட்டுக் கூடம் நடத்தியது என்பதைச் சொல்லியாக வேண்டும். ஆனால் மற்றவர்கள் பார்த்துக் கட்டிக்கொண்ட அச்சு லாம்பெத்தில்தான் உருவானது. 1854இன் இறுதியில் 1,500 பேர் கொள்ளும் பெரிய கூடம் அதே இடத்தில் எழுந்தது. பிறகு ஓவியக் காட்சிக்கூடம் ஒன்றும் சேர்ந்தது.

இந்த அமைப்புக்குப் பின்னால் ஒரு சட்டம் இருந்தது. 1843ஆம் ஆண்டு நாடக அரங்குச் சட்டத்துக்குப் பிறகு விடுதிக்காரர் இரண்டில் ஒன்றைத் தேர்ந்தாக வேண்டியிருந்தது. நாடக உரிமம் பெற்றால், பார்வையாளர் இருக்கைக்கு மதுவும் புகையும் வரக்கூடாது. மதுவும் புகையும் வேண்டுமென்றால், நீதிபதிகள் தரும் இசை உரிமத்தோடு நிற்க வேண்டும். நாடகம் போடக் கூடாது. மார்ட்டன் இரண்டாவதைத் தேர்ந்தார். வசனம் பேசும் பல பாத்திரங்களுக்கு இடமில்லாத மேடையில், ஒரே ஆள் வேடமிட்டு, ஒரு முழுக் கதையையும் பாட்டாகப் பாடும் கலை செழித்தது. சாம் கவல் அதில் தேர்ந்தவர். எலி பிடிப்பவன் மகளின் கதையை அவர் பாடுவதைக் கேட்கவே மக்கள் ஆற்றைக் கடந்து வந்தார்கள். உயர்ந்த இசைக்கும் அங்கே இடமிருந்தது. குனோவின் 'ஃபவுஸ்ட்' ஓபரா 1859இல் பாரிசில் அரங்கேறியது. இங்கிலாந்தின் ஓபரா மேடைக்கு 1863இல்தான் வந்தது. அதற்கு முன்பே அதன் பகுதிகள் காண்டர்பரியில், பீர்க் கோப்பைகளுக்கும் சுருட்டுப் புகைக்கும் நடுவே, பாடப்பட்டன. விடுதியென்றால் மலிவான ரசனை என்று எழுதிவிடுபவர்கள் இதை நினைத்துப் பார்க்க வேண்டும்.

1861இல் மார்ட்டன் ஆற்றின் வடகரைக்கும் போனார். ஆக்ஸ்ஃபோர்டு தெருவில் 'போர் அண்ட் காசில்' என்ற பழைய பயணியர் விடுதி நின்ற இடத்தில் 'ஆக்ஸ்ஃபோர்டு' மியூசிக் ஹாலைத் திறந்தார். 1867இல் காண்டர்பரி அவர் கையைவிட்டுப் போனது. 1904இல் இறக்கும்வரை பல அரங்குகளை நடத்தியவரை, 'மியூசிக் ஹால்களின் தந்தை' என்றே தொழிலில் அழைத்தார்கள்.

காண்டர்பரியில் மார்ட்டனுக்கு அடுத்து வந்த வில்லியம் ஹாலண்ட் விளம்பரத்தில் மன்னர். 'ஷாம்பெய்ன் சார்லி' பாட்டால் புகழ்பெற்ற ஜார்ஜ் லேபோர்னை 1868இல் வாரம் 25 பவுண்டுக்கு அமர்த்தினார். பாடுவதோடு வேலை முடியவில்லை. பாட்டில் வரும் செல்வச் சீமானைப்போலவே பகலிலும் அவர் உடுத்த வேண்டும், நான்கு குதிரை பூட்டிய வண்டியில் ஊர்வலம் வர வேண்டும், ஊரார் காண ஷாம்பெய்ன் குடிக்க வேண்டும். மது வணிகத்துக்கு இதைவிடப் பெரிய விளம்பரம் கிடைக்குமா? அந்த வேடம் லேபோர்னின் உடலைத் தின்றது. 1884இல் அவர் இறந்தபோது வயது 42. கையில் காசு தங்கவில்லை.

1876இல் வில்லியர்ஸ் என்பவரின் பொறுப்பில் காண்டர்பரி மீண்டும் கட்டப்பட்டது. புகையும் வெப்பமும் வெளியேற, நகர்த்தித் திறக்கும் கூரை அமைத்தார்கள். இதற்குள் அது முழு அரங்காகிவிட்டது. ஆனாலும் மதுக்கூடம் போகவில்லை. மேடையிலிருந்து இறங்கும் பாடகர் அங்கே வந்து ரசிகர்களோடு குடிப்பது எழுதாத விதியாக இருந்தது. அதற்கு இரையானவர்களில் ஒருவர், லாம்பெத்தில் வாழ்ந்த பாடகர் சார்லஸ் சாப்ளின். காண்டர்பரியின் சிவப்பு மெத்தை இருக்கையில் உட்கார்ந்து தந்தை பாடுவதைப் பார்த்ததை, அவருடைய மகன் திரை நடிகர் சார்லி சாப்ளின் தன்வரலாற்றில் நினைவுகூர்கிறார். தந்தையைக் குடி கொண்டுபோனதையும் அதே நூலில் மறைக்காமல் எழுதுகிறார்.

இரண்டாம் உலகப் போரில், 1942இல், காண்டர்பரி குண்டு வீச்சில் சிதைந்தது. எஞ்சிய சுவர்களை 1955இல் இடித்தார்கள். மூத்த சாப்ளின் நாற்பது வயது நிரம்பாமல் 1901இல் உயிர்விட்ட செயின்ட் தாமஸ் மருத்துவமனை, அந்த விடுதி நின்ற இடத்திலிருந்து சில நிமிட நடையில் இன்றும் ஆற்றைப் பார்த்தபடி இருக்கிறது.