நியமனமும் வாக்கும்: ஜெயலலிதாவின் தொடக்கக்கால அரசியலில் பர்கூர்த் தொகுதி

ஜெ. ஜெயலலிதாவின் ஏற்றம் எம்.ஜி.ஆர். அளித்த ஆதரவின் விளைவாகவே பெரிதும் விளக்கப்படுகிறது. அவ்விளக்கம் அவர் கட்சிக்குள் நுழைந்ததற்குப் பொருந்தும், நிலைபெற்றதற்குப் பொருந்தாது. அன்றைய தருமபுரி மாவட்டத்தைச் சேர்ந்த பர்கூர்த் தொகுதியின் இரு தேர்தல்களைச் சான்றாகக் கொண்டு இக்கருத்தை இக்கட்டுரை முன்வைக்கிறது.

1948 பிப்ரவரி 24இல் மேல்கோட்டையில் பிறந்த அவர், குழந்தைப் பருவத்திலேயே தந்தையை இழந்தார். தாய் வேதவல்லி ‘சந்தியா’ என்னும் பெயரில் நடித்துக் குடும்பத்தைத் தாங்கினார். சென்னை சர்ச் பார்க் பள்ளியில் சிறந்த மாணவியாக விளங்கிய மகளும் 1965இல் ‘வெண்ணிற ஆடை’ வழியாகத் தமிழ்த்திரைக்கு வந்தார்.

1982இல் அ.தி.மு.க.வில் சேர்ந்த அவர், 1983இல் கொள்கை பரப்புச் செயலாளராகவும் 1984இல் மாநிலங்களவை உறுப்பினராகவும் ஆனார். இரண்டும் தலைமையின் முடிவால் வந்தவை. எனவேதான் கட்சிப் பதவியைத் தலைமையால் பறிக்கவும் பின்னர் திருப்பி அளிக்கவும் இயன்றது. எனினும், 1984 தேர்தலின்போது எம்.ஜி.ஆர். அமெரிக்காவில் சிகிச்சை பெற்றுவந்த நிலையில், அவர் மேற்கொண்ட பரப்புரை தொண்டர்களோடு நேரடி உறவை உருவாக்கியது.

1987 டிசம்பர் 24இல் எம்.ஜி.ஆர். மறைந்தபின், சட்டமன்ற உறுப்பினர்களில் பெரும்பான்மையோர் வி.என். ஜானகியை ஆதரித்தனர். 1989 தேர்தலோ வேறு தீர்ப்பை அளித்தது. ஜெயலலிதா அணி 27 இடங்களைப் பெற்றது. அவர் போடிநாயக்கனூரில் வென்றார். ஜானகி ஆண்டிபட்டியில் தோற்றார். அணிகள் இணைந்தன, தமிழகச் சட்டமன்றத்தின் முதல் பெண் எதிர்க்கட்சித் தலைவரானார் ஜெயலலிதா.

1991இல் பர்கூர், காங்கேயம் இரண்டிலும் வென்று, பர்கூரைத் தக்கவைத்துக்கொண்டு ஜூன் 24இல் முதலமைச்சரானார். ராஜீவ் காந்தி படுகொலையால் எழுந்த அனுதாபமும் காங்கிரஸ் கூட்டணியும் வெற்றிக்குத் துணைநின்றன. 1996இல் அதே பர்கூர், தி.மு.க.வின் இ.ஜி. சுகவனத்தை 8,366 வாக்கு வேறுபாட்டில் தேர்ந்தெடுத்தது.

அத்தோல்விக்குப் பின்னரும் அவர் பொதுச் செயலாளராக நீடித்தார். 1998 மக்களவைத் தேர்தலில் அவரது கூட்டணி தமிழகத்தில் 30 இடங்களை வென்றது. முன்பு தலைமையின் ஒரு முடிவு அவரது கட்சிப் பதவியைப் பறித்தது. 1996இல் ஒரு தொகுதியின் தீர்ப்பு அவரது கட்சித் தலைமையை அசைக்கவில்லை. இவ்விரு நிலைகளுக்கும் இடைப்பட்ட திருப்புமுனை 1989இன் வாக்குகளே. பெண் தலைவர்களின் வரலாற்றை ஆதரவாளரின் வரலாறாகச் சுருக்கும்போது இத்திருப்புமுனையே விடுபட்டுப்போகிறது.