லிகெட்: லுசோன் மலையில் கேட்ட ஒரு சொல்

1974ஆம் ஆண்டு. மணிலாவுக்கு வடகிழக்கே ஏறத்தாழ 90 மைல் தொலைவில், லுசோன் தீவின் மலைக்காட்டில் ஒரு வீடு. கூடியிருந்த இலோங்கோட் மக்கள் ஒரு பழைய ஒலிநாடாவைப் போடச் சொன்னார்கள். சுமார் ஐந்து ஆண்டுகளுக்கு முன் அவர்களுடைய தலைவேட்டைக் கொண்டாட்டம் ஒன்றில் பதிவான பாட்டு அது. நாடா சுழன்றது. இடைப்பட்ட காலத்தில் இறந்துபோன ஒருவரின் குரல் வீறாப்பாக எழுந்தது. அவ்வளவுதான், உடனே நிறுத்தச் சொல்லிவிட்டார்கள்.

கருவியைக் கொண்டுவந்திருந்த அமெரிக்க ஆய்வாளர்களுக்கு ஒன்றும் புரியவில்லை. வேண்டும் என்று கேட்டவர்களே ஏன் வேண்டாம் என்கிறார்கள்? கடைசியில் ஒருவர் வாய் திறந்தார். அந்தப் பாட்டு நெஞ்சைப் பிடித்து இழுக்கிறது, செத்துப்போன மாமனை நினைக்க வைக்கிறது என்றார். புதிய கிறிஸ்தவச் சாமியை ஏற்றுக்கொண்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும், ஆனால் உள்ளுக்குள் தான் இன்னும் இலோங்கோட்தான் என்றார். வளர்ந்து நிற்கும் பையன்களைப் பார்க்கும்போது, இவர்களை இனி ஒருநாளும் தலைவேட்டைக்கு அழைத்துப் போக முடியாதே என்று எழும் வலியே பாட்டைக் கேட்கும்போதும் வருகிறதாம்.

அந்த ஆய்வாளர்கள் மிஷெல் ரொசால்டோவும் அவர் கணவர் ரெனாட்டோ ரொசால்டோவும். 1967 முதல் 1969 வரை அந்த மக்களோடு வாழ்ந்துவிட்டு, இரண்டாம் முறையாக வந்திருந்தார்கள். இலோங்கோட்கள் அப்போது சுமார் 3,500 பேர். காட்டைத் திருத்தி நெல்லும் சர்க்கரைவள்ளியும் மரவள்ளியும் போடுவார்கள். மானும் காட்டுப்பன்றியும் வேட்டையாடுவார்கள். கல்யாணம் ஆனதும் மாப்பிள்ளை பெண் வீட்டோடு வந்துவிடுவான். வெளியுலகம் அவர்களை அறிந்திருந்தது தலைவேட்டையால்தான். மானிடவியல் உலகத்துக்கு இலோங்கோட் என்ற பெயர் 1909இலேயே பழக்கமாகிவிட்டது. சிகாகோவின் ஃபீல்ட் அருங்காட்சியகம் அனுப்பிய வில்லியம் ஜோன்ஸ் அந்த ஆண்டு மார்ச் மாதம் இவர்கள் கையால் இறந்தார். ஜோன்ஸ் அமெரிக்கப் பழங்குடியான ஃபாக்ஸ் மரபில் வந்தவர். மானிடவியலாளர் ஃபிரான்ஸ் போவாஸின் மாணவர். சேகரித்த பொருட்களை ஆற்றுவழியே கொண்டுபோகத் தெப்பங்கள் கேட்டிருந்தார். அவை வந்து சேராததில் பொறுமையிழந்து ஊர்ப் பெரியவர் ஒருவரைப் பிடித்து வைக்கப் பார்த்தபோது வெட்டுப்பட்டார்.

தலைவேட்டைக்குப் போகக் காரணம் என்ன என்று ரெனாட்டோ பலரிடம் கேட்டார். வந்த பதில் சின்னது: உறவில் ஒருவர் செத்தால் துக்கம் வருகிறது, துக்கத்தோடு சினமும் வருகிறது, அந்தச் சினம் கொல்லச் சொல்கிறது. வெட்டிய தலையை அவர்கள் வீட்டுக்குக் கொண்டுவந்ததில்லை. வெட்டிய இடத்திலேயே தூக்கி எறிந்துவிடுவார்கள். அதை எறியும்போது நெஞ்சில் இருக்கும் பாரமும் சேர்ந்து போய்விடும். இதற்குமேல் விளக்கம் கேட்டால், இதில் விளக்க என்ன இருக்கிறது என்பதுபோல் பார்த்தார்கள்.

படித்து வந்தவருக்கு அது போதவில்லை. ஆழமான காரணம் வேறு இருக்க வேண்டும் என்று நினைத்தார். ஒரு சாவுக்கு இன்னொரு சாவு ஈடு, இது ஒரு பரிமாற்றக் கணக்கு என்ற கோட்பாட்டை ஒரு பெரியவரிடமே விளக்கினார். அவர் யோசித்துப் பார்த்துவிட்டு, யாராவது அப்படி நினைக்கக்கூடும், ஆனால் நாங்கள் யாரும் அப்படி நினைப்பதில்லை என்று சொல்லிவிட்டார்.

மிஷெல் பிடித்துக்கொண்டது ஒரு சொல்லை: லிகெட். ‘சினம்’ என்று எழுதினால் பாதிதான் வரும். பொறாமையில் லிகெட் இருக்கிறது, மிளகாயின் காரத்திலும் இஞ்சியிலும் இருக்கிறது, புயலில் இருக்கிறது. வெயிலில் மலைச்சரிவு ஏறி நடுகிறவளின் வேகமும் லிகெட்தான். பிள்ளை உண்டாவதும் லிகெட்டால்தான். இளைஞனிடம் அது கட்டில்லாமல் கொதிக்கும். வயதும் அறிவும் வர வர அதற்கு ஒரு திசை கிடைக்கும். தலையெடுத்தவன் மட்டுமே செந்நிற இருவாட்சி அலகில் செய்த காதணி போட முடிந்தது. அதை இன்னும் அணியாத பையன்களின் ஏக்கத்திலும் இதே லிகெட்தான். தமிழில் ‘வயிற்றெரிச்சல்’ என்ற ஒரே சொல் பொறாமைக்கும் பிள்ளையைப் பறிகொடுத்தவளின் சாபத்துக்கும் பொருந்துவதை அறிந்தவர்களுக்கு, இப்படி ஒரு சொல் இருப்பது வியப்பாக இராது. உணர்ச்சி என்பது உடம்போடு சேர்ந்த எண்ணம், எண்ணத்தைப் போலவே அதுவும் ஊருக்கு ஊர் உருவாகி வருகிறது என்பது மிஷெலின் வாதம். அவருடைய ‘அறிவும் வேட்கையும்’ என்ற நூல் 1980இல் வெளியானது. அதே பத்தாண்டில் பசிபிக்கின் இஃபலுக் தீவு மக்களைப் பற்றி கேத்தரின் லுட்ஸ் இதே திசையில் எழுதினார். ஒரு தமிழ்க் குடும்பத்தோடு வாழ்ந்து, ‘அன்பு’ என்ற சொல்லை மையமாக வைத்து மார்கரெட் டிராவிக் எழுதிய நூல் 1990இல் வந்தது.

1980இலேயே ரெனாட்டோவின் நூலும் வந்தது. தலைப்பிலேயே வருடங்கள் இருந்தன: இலோங்கோட் தலைவேட்டை, 1883 முதல் 1974 வரை. காலம் தொடாத வழக்கம் என்று எல்லோரும் நம்பியிருந்த ஒன்றுக்கு அவர் ஆண்டுவாரியாக வரலாறு எழுதினார். வேட்டை ஓங்கிய காலமும் உண்டு, அறவே ஓய்ந்த காலமும் உண்டு. இரண்டாம் உலகப் போருக்கு முந்தைய அமைதியை அவர்கள் ஆங்கிலத்திலிருந்து எடுத்த ‘பீஸ்டைம்’ என்ற சொல்லாலேயே குறித்தார்கள். 1945இல் தோற்றுப் பின்வாங்கிய ஜப்பானியப் படை இவர்கள் மலைக்குள் புகுந்தது. மக்கள் காட்டுக்குள் ஓடினார்கள். பலர் செத்தார்கள்.

அந்த ஓட்டத்தை அவர்கள் சொன்ன விதம்தான் இந்த வரலாற்றிலேயே மனத்தில் நிற்கும் பகுதி. பெரியவர்கள் ஊர்ப்பெயர், பாறைப்பெயர், ஓடைப்பெயர் என்று வரிசையாக அடுக்கினார்கள்: இங்கே தங்கினோம், இங்கே சாப்பிட்டோம், இங்கே தூங்கினோம். முதலில் ரெனாட்டோவுக்கு அலுப்புத் தட்டியது. எழுதிக்கொண்டே இருந்தார். சொல்கிறவர்கள் கண்ணில் நீர் கோத்திருந்ததை அவர் கவனித்தார். ஆனாலும் அந்தப் பெயர்ப் பட்டியல்தான் கதை, துக்கம் முழுவதும் அதில்தான் இருக்கிறது என்பது பின்னால்தான் விளங்கியது. நிலத்தின் மேல் நடந்து நடந்து அவர்கள் தங்கள் காலத்தை நினைவில் வைத்திருந்தார்கள்.

பாடம் எதிர்ப்பக்கத்திலிருந்தும் வந்தது. அங்கே இருக்கும்போதே, வியட்நாம் போருக்கு ரெனாட்டோ அழைக்கப்படலாம் என்று கடிதம் வந்தது. இந்தத் தலைவேட்டைக்காரர்கள் போர்வீரர்களைப் போற்றுவார்கள் என்று அவர் எதிர்பார்த்தார். அவர்களோ பதறிப்போனார்கள், உன்னை விட்டுக்கொடுக்க மாட்டோம் என்றார்கள். சிப்பாய் என்பவன் தன் உடம்பையே விற்றவன் அல்லவா? தன் சகோதரர்களையே குண்டு பாயும் இடத்துக்குப் போ என்று ஒரு மனிதன் எப்படி ஆணையிடுவான்? அவர்கள் அறத்தில் அதற்கு இடமே இல்லை. இதைச் சொன்னவர்கள் முன்பின் அறியாத மனிதர்களைக் கொன்றவர்கள். கொல்லப்பட்டவர்கள் வீட்டிலும் அதே துக்கம்தான் விழுந்தது. இரண்டையும் ஒருசேர மனத்தில் வைத்துக்கொண்டுதான் இந்த வரலாற்றைப் படிக்க முடியும்.

1972இல் பிலிப்பைன்ஸ் அதிபர் மார்க்கோஸ் ராணுவச் சட்டத்தைக் கொண்டுவந்தார். தலையெடுத்தால் சுட்டுக்கொல்வார்கள் என்ற செய்தி மலைக்கும் எட்டியது. இலோங்கோட்கள் கூட்டங்கூட்டமாக நற்செய்திக் கிறிஸ்தவத்துக்கு மாறினார்கள். 1974இல் ஆறு மாதக் கைக்குழந்தையைப் பறிகொடுத்த ஒரு தகப்பன் அடுத்து அந்த மதத்தில் சேர்ந்தபோது, இனிச் சாவு வராது என்று நம்புகிறார் போலும் என்றார் ரெனாட்டோ. உனக்குப் புரியவில்லை என்று ஒரு நண்பர் வெடுக்கெனச் சொன்னார். துக்கத்தை எறிவதற்கு இருந்த ஒரு வழி அடைபட்டுவிட்டது. சுமக்க முடியாத அந்தப் பாரத்தோடு வாழ இன்னொரு வழியைத்தான் அந்தத் தகப்பன் தேடினார்.

1981இல் தம்பதி மீண்டும் லுசோனுக்கு வந்தார்கள், இம்முறை இஃபுகாவோ மக்களிடம். அக்டோபர் 11 அன்று முங்கயாங் அருகே இரண்டு பிலிப்பினோ தோழர்களோடு நடந்துகொண்டிருந்த மிஷெலுக்குக் கால் தவறியது. 65 அடிக்குக் கீழே, பெருக்கெடுத்து ஓடிய ஆற்றில் விழுந்தார். வயது 37. இரண்டு பிள்ளைகளும் சிறியவர்கள்.

உடலைக் கண்டதும் தனக்கு முதலில் வந்தது சினம் என்று ரெனாட்டோ பின்னால் எழுதினார். என்னை இப்படி விட்டுவிட்டு எப்படிப் போனாள்? அழப் பார்த்தார். விம்மல் வந்தது, கண்ணீரைச் சினம் அடைத்துக்கொண்டது. பதினான்கு ஆண்டுகளாகக் குறிப்பேட்டில் கிடந்த அந்தச் சின்னப் பதில் அப்போதுதான் அவருக்குள் இறங்கியது. தன் சினமும் அவர்கள் சினமும் ஒன்றே என்று அவர் சொல்லிவிடவில்லை. ஓரளவு ஒன்றன்மேல் ஒன்று படிந்த இரு வட்டங்கள் என்றார். 1984இல் வந்த ‘துக்கமும் ஒரு தலைவேட்டைக்காரரின் சினமும்’ என்ற அவருடைய கட்டுரை, அந்தச் சின்னப் பதிலில்தான் தொடங்குகிறது.

ரெனாட்டோ பிறகு கவிதை எழுதத் தொடங்கினார். 2014இல் வந்த ‘ஷெல்லி இறந்த நாள்’ தொகுப்பில் அந்த அக்டோபர் நாளை, அன்று அங்கே இருந்த பலருடைய குரல்களிலும் சொல்லிப் பார்த்தார். ஷெல்லி என்பது மிஷெலை அவர் அழைத்த பெயர். இலோங்கோட் என்பது பிறர் இட்ட பெயர். அந்த மலைமக்கள் இன்று தங்களைப் புக்கலோட் என்கிறார்கள்.