பாராங் கத்தி: மேற்பூச்சு நீக்கல்

பாராங் கத்தி மலாய் உலகின் நீண்ட வெட்டுக்கத்தி. பேராக் மாநிலம், மஞ்சோங் மாவட்டத்துச் சித்தியவான் போன்ற ஊர்களில் புதர் வெட்டவும் தேங்காய் உரிக்கவும் பயன்படுகிறது. இதன் அலகு பெரும்பாலும் கார்பன் எஃகு, எளிதில் துருப்பிடிக்கும். அதைத் தடுக்கவே விற்பனைக்கு வரும் கத்திகளுக்கு எண்ணெய், வார்னிஷ், கறுப்புச் சாயம் ஆகியவற்றில் ஒன்றைப் பூசுகிறார்கள். வெட்டும்போது பூச்சு இழுக்கும், உணவிலும் உதிரும். எனவே சிலர் வீட்டிலேயே அதை நீக்குகின்றனர்.

முறை: முதலில் வெட்டுவாயைத் தடித்த நாடாவால் மூட வேண்டும். எண்ணெய்ப் பூச்சு சோப்பு நீரில் போகும். வார்னிஷை அசிட்டோன் அல்லது தின்னர் கரைக்கும்; இவை எளிதில் தீப்பற்றுவதால் அடுப்பருகே கூடாது. சில அலகுகளில் சாயத்துக்குப் பதிலாக உள்ள, இரும்பு ஆக்சைடாலான கறுப்புப் படலத்தை வினிகர் கரைக்கும். கெட்டியான சாயத்துக்கு உப்புத்தாள் ஏற்றது.

எச்சரிக்கை: வினிகரைக் குளோரின் வெளுப்பானுடன் கலந்தால் நச்சு வாயு எழும். நெருப்பில் காட்டிப் பூச்சை எரித்தால் எஃகின் பதம் இறங்கி, கூர் நிற்காது.

பராமரிப்பு: பூச்சு நீங்கிய அலகு ஈரக்காற்றில் விரைவில் துருவேறும். கழுவியதும் துடைத்து, உலர்த்தி, மெல்லிதாக எண்ணெய் தடவி வைப்பதே இதற்குக் காப்பு.