சிவகங்கை மகளும் கொல்லிமலை மகளும்

வருவாய்த் துறையில் இருந்த காலத்தில் கொல்லிமலையில் சில ஆண்டுகள் வேலை பார்த்தேன். ஒருநாள் செம்மேட்டில் ஐம்பது வயது மதிக்கத்தக்க ஒரு அம்மா வந்து நின்றார்.

“சார், எங்கப்பா செத்துட்டாரு. மிளகுத் தோட்டத்துல எனக்கும் பங்கு வருமா? கட்டிக்குடுத்தாச்சு, அப்புறம் உனக்கென்ன பங்குன்னு அண்ணன் தம்பிங்க கேக்கறாங்க.”

“ஊர்ப் பெரியவங்கள வச்சுப் பேசிப் பாருங்கம்மா” என்று சொல்லி அனுப்பிவிட்டேன். ஓய்வுக்குப் பிறகு சிவகங்கை ஜமீன் வழக்கைப் படித்தபோதுதான் அந்த அம்மாவின் முகம் மறுபடி நினைவுக்கு வந்தது.

1801-ல் மருது சகோதரர்களைத் தூக்கிலிட்ட கம்பெனியார், சிவகங்கையைப் படமாத்தூர் கௌரி வல்லபத் தேவருக்குக் கொடுத்தார்கள். அவருக்கு ஏழு மனைவியர். மகள்கள் உண்டு, ஆண் வாரிசு இல்லை. 1829-ல் அவர் காலமானார். அவருடைய அண்ணன் முன்பே இறந்திருந்தார். அந்த அண்ணன் மகன், ‘குடும்பம் பாகம் பிரியாதது, ஆண் பங்காளி நான்தான்’ என்று ஜமீனை எடுத்துக்கொண்டார். வேலு நாச்சியார் என்ற பெண் ஆண்ட அதே சீமையில்தான் இது நடந்தது.

விதவை அங்கமுத்து நாச்சியார் சும்மா இருக்கவில்லை. 1833-ல் வழக்குப் போட்டார். பதினான்கு ஆண்டுகள் நடந்து, 1847-ல் அது தள்ளுபடியானது. விடாமல் மேலே போனார். முடிவைப் பார்க்காமலே 1850-ல் இறந்துபோனார். அதன்பின் ஜமீன்தாரின் மகள் காத்தம நாச்சியார் வழக்கைக் கையில் எடுத்தார். அது லண்டன் பிரிவி கவுன்சில் வரை போனது.

கேள்வி சிக்கலானதல்ல. குடும்பம் பிரியாமல் இருந்தது என்றே வைத்துக்கொள்வோம். அதில் ஒருவர் தனியாகப் பெற்ற சொத்து யாருக்கு? பங்காளிக்கா, மனைவி மகளுக்கா? கூட்டுச் சொத்து என்றால் பங்காளிக்கு அதில் முன்பே பாத்தியதை உண்டு; ஒருவர் இறந்தால் அது மற்றவருக்கு நிற்கும். ஆனால் சிவகங்கை, கம்பெனியார் கௌரி வல்லபருக்கென்று கொடுத்தது. அவர் உயிரோடு இருந்தபோது அதில் பங்கு கேட்க அண்ணன் மகனுக்கு வழியில்லை. பிறகு இறந்தபின் மட்டும் எப்படி வரும்? ஆகவே தனிச் சொத்து முதலில் விதவைக்கு, அவருக்குப் பின் மகளுக்கு என்று 1863 நவம்பர் 30 அன்று பிரிவி கவுன்சில் தீர்ப்புச் சொன்னது. தந்தை இறந்து முப்பத்துநான்கு ஆண்டுகள் கழித்து மகளுக்கு ஜமீன் கிடைத்தது.

இது பெண்ணுரிமைக்குக் கிடைத்த முழு வெற்றி அல்ல. சொத்து கூட்டுச் சொத்தாக இருந்திருந்தால் காத்தம நாச்சியார் தோற்றிருப்பார். கிடைத்ததும் ஆயுள் வரை அனுபவிக்கும் உரிமைதான். கப்பலில் காகிதம் அனுப்பி லண்டனில் வக்கீல் வைக்கப் பணம் இருந்ததால் இந்த அளவாவது நடந்தது. சாதாரண வீட்டுப் பெண் என்ன செய்திருப்பாள்?

சாதாரணப் பெண்ணுக்கு 1956-ல்தான் இந்து வாரிசுரிமைச் சட்டம் வந்தது. அதிலும் பூர்வீகக் கூட்டுச் சொத்தில் மகள் பங்காளி இல்லை. தமிழ்நாட்டில் 1989-ல் அந்தக் குறையைச் சரி செய்தார்கள். ஆனால் அந்த ஆண்டு மார்ச் 25-க்கு முன் திருமணமான மகள்களுக்குப் பங்கு இல்லை என்றார்கள். தாலி ஏறிய தேதியைப் பார்த்து அக்காளுக்கு இல்லை, தங்கைக்கு உண்டு என்ற நிலையை எத்தனையோ வீடுகளில் பார்த்திருப்பீர்கள். 2005-ல் மத்தியச் சட்டத் திருத்தம் வந்த பிறகே அந்த வேறுபாடு போயிற்று.

இவ்வளவும் கீழ்நாட்டுக்கு. கொல்லிமலை மலையாளி மக்கள் பட்டியல் பழங்குடியினர். 1956 சட்டத்தின் இரண்டாம் பிரிவு, மத்திய அரசு தனியே அறிவிக்கை செய்தால் ஒழிய, இந்தச் சட்டம் பழங்குடியினருக்குப் பொருந்தாது என்கிறது. அவர்களுடைய வழக்கத்தைக் காக்க எழுதிய வரிதான். மகள்களுக்கு அதுவே தடையாக நின்றது. நாமக்கல்லில் இருக்கும் மகளுக்குச் சட்டப்படி பங்கு. எழுபது வளைவு ஏறிவிட்டால் ஊர் வழக்கப்படி கேட்க வேண்டும்.

2023-ல் சென்னை உயர் நீதிமன்றம், பழங்குடிப் பெண்களுக்கும் குடும்பச் சொத்தில் சமபங்கு உண்டு என்று சொன்னது. அந்த அறிவிக்கையைப் பெற நடவடிக்கை எடுக்கும்படி மாநில அரசுக்கும் சொன்னது. 2025 ஜூலையில் உச்ச நீதிமன்றம் சத்தீஸ்கர் பழங்குடி வழக்கு ஒன்றில், பெண்ணுக்குப் பங்கு இல்லை என்று ஒரு வழக்கம் இருப்பதாக நிரூபிக்காமல் அவளை ஒதுக்க முடியாது என்று தீர்ப்பளித்தது.

அந்த அம்மா கேட்ட அன்று இந்தத் தீர்ப்புகள் வந்திருக்கவில்லை. ஆனால் நானும் சட்டத்தைப் புரட்டிப் பார்க்கவில்லை. பேசி அனுப்பியதோடு என் கடமை முடிந்தது என்று இருந்துவிட்டேன். இன்று வந்திருந்தால், “உட்காருங்கம்மா, அண்ணன் தம்பிகள் சொல்வதே முடிவில்லை. இலவச சட்ட உதவி மையத்தில் மனு கொடுக்கலாம், வக்கீல் செலவு உங்களுக்கு இல்லை” என்று சொல்லியிருப்பேன். மலைமேல் உறவு உள்ளவர்கள் இதைப் படித்தால், அங்குள்ள அக்கா தங்கைகளிடம் இந்தச் செய்தியைச் சொல்லுங்கள்.